நேபாளத்துக்கு ஒரு மிஷன் பயணம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிறிய சபையின் வாலிபர் சங்கச் செயலாளர் நான். காத்மாண்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு வேதாகமக் கல்லூரிக்கு உதவியாக இந்த வருஷம் மிஷன் பயணம் போகத் தீர்மானித்திருக்கிறோம். பதினான்கு பேர், பத்து நாள். எங்கள் போதகர் மூன்று நாள் வெளிப்படுத்தின விசேஷம் பாடம் எடுப்பார். வாலிபர்கள் வகுப்பறைகளுக்கு வெள்ளையடிப்பது, பக்கத்துக் கிராமங்களில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுப்பது என்று திட்டம். எல்லாமாக நாலரை லட்சம் ரூபாய் ஆகும். மூப்பர்கள் சிலர், "அந்தப் பணத்தை அப்படியே அனுப்பிவிட்டால் அவர்களுக்குப் பிரயோஜனமாக இருக்குமே, நீங்கள் ஊர் சுற்றிப் பார்க்கவா?" என்கிறார்கள். வாலிபர்கள் சோர்ந்துபோய்விட்டார்கள். நாங்கள் போகலாமா, வேண்டாமா?

– வாலிபர் சங்கச் செயலாளர்

அன்புள்ள தம்பி,

போங்கள். ஆனால் பதினான்கு பேர் வேண்டாம், நான்கு பேர் போதும். கைப்பிரதி கண்டிப்பாக வேண்டாம்.

கைப்பிரதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நேபாளத்தின் 2015 அரசியல் சட்டம், 26-ஆம் பிரிவிலேயே, ஒருவரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018-ல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம் அதற்கு 5 ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்ததும் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். உங்கள் பையன்கள் தைரியசாலிகள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் பத்தாம் நாள் ஊருக்கு வந்துவிடுவீர்கள். காவல் நிலையத்துக்கு அலையப்போவது அந்தக் கல்லூரி முதல்வரும் அந்தக் கிராமத்து விசுவாசிகளும்தான். அவர்கள் கேட்காத ஆபத்தை அவர்கள் தலையில் ஏற்றி வைக்க நமக்கு உரிமை கிடையாது.

நேபாளத்துச் சபை வளர்ந்த கதையைப் போகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொண்டு போக வேண்டும். 1951 வரை நேபாளம் மூடிக் கிடந்த நாடு. நேபாளி மொழியில் முழு வேதாகமம் 1914-லேயே வந்துவிட்டது. அதை மொழிபெயர்த்தவர் டார்ஜிலிங்கில் இருந்த கங்கா பிரசாத் பிரதான் என்ற நேபாளி. 1952-ல் டேவிட் முகியா என்ற போதகர் நம் நாட்டு எல்லையில் இருக்கும் நௌதன்வாவிலிருந்து பொக்காராவுக்குப் போனார். அங்கே ராம்காட் என்ற இடத்தில் சபை உருவானது. இரண்டு வருஷம் கழித்து, 1954-ல், பல நாட்டு மிஷன்கள் சேர்ந்து யுனைடெட் மிஷன் டு நேபாளைத் தொடங்கின. ஆஸ்பத்திரி நடத்தலாம், பள்ளிக்கூடம் நடத்தலாம், மதம் மாற்றக் கூடாது என்பது அரசாங்கம் போட்ட நிபந்தனை. அதனால் சபையை நடத்துவது, பிரசங்கம் செய்வது, ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் முதலிலிருந்தே நேபாளிகள் கையில் இருந்தது. வெள்ளைக்காரப் போதகர் கட்டி எழுப்பி, பிறகு ஒப்படைத்துவிட்டுப் போன சபை இல்லை அது. 1990-ல் ஜனநாயக இயக்கம் வெற்றி பெறும்வரை, ஞானஸ்நானம் கொடுத்ததற்காகவும் பெற்றதற்காகவும் ஆட்கள் சிறைக்குப் போனார்கள். 2021 கணக்கெடுப்பில் அங்கே கிறிஸ்தவர்கள் 5 லட்சத்துக்கும் மேல்.

இப்போது உங்கள் போதகருடைய மூன்று நாள் பாடத்தை யோசித்துப் பாருங்கள். அவரைக் குறைவாகச் சொல்லவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் பத்மு தீவில், வசனத்தினிமித்தம் அனுபவித்த உபத்திரவத்தில் எழுதப்பட்ட புத்தகம். அதே வசனத்துக்காகச் சிறையிருந்த முதியவர்கள் நேபாளச் சபைகளில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் போதகர் அப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, ஏழு சபைகளுக்கு எழுதின கடிதங்களை நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு வந்தால், அந்தப் பயணத்துக்கு அதுவே போதும். பாடம் எடுக்கத்தான் வேண்டும் என்றால், எந்தப் பாடம் தேவை என்று முதல்வரைக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசும்போது பாதி நேரம் அதிலேயே போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அங்கே ஒரு வேதாகமக் கல்லூரியில் தை மாதக் குளிரில் தங்கியிருக்கிறேன். வகுப்பறைக்குள் விரல் விறைத்துப்போகும் என்பதால், காலை வகுப்பை மொட்டை மாடியில் வெயிலில் வைத்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் நோட்டு. கர்ணாலிப் பக்கத்து மலையிலிருந்து வந்த ஒரு பையன், ஆசிரியர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டிருந்தான். ஏன் இப்படி எழுதுகிறாய் என்று கேட்டேன். அவன் ஊருக்குத் திரும்பினால், அடுத்த பல வருஷங்களுக்குச் சனிக்கிழமை ஆராதனையில் பேச அவனிடம் இருக்கப்போவது வேதாகமமும் அந்த நோட்டும்தான் என்றான். (அங்கே சனிக்கிழமைதான் வார விடுமுறை, ஆராதனையும் அன்றுதான்.) நூலகத்தில் யார் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த ஆங்கில விளக்கவுரைகள் அட்டை மடங்காமல் வரிசையாக நின்றன. நேபாளிப் புத்தகங்கள் ஒரே ஒரு தட்டில், முதுகு கிழிந்து, ஒட்டுப்போட்டு இருந்தன. ஆகையால் தயவுசெய்து பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் பெட்டி கட்டிக்கொண்டு போகாதீர்கள். நேபாளியில் அச்சான புத்தகங்களை அங்கேயே வாங்கிக் கொடுங்கள்.

அந்த முதல்வருடைய கவலை எதில் என்று நினைக்கிறீர்கள்? அரிசி, பருப்பு, கேஸ் சிலிண்டர், ஆசிரியர் சம்பளம். பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை பருப்பும் சோறும் போட வேண்டும். கட்டடத்துக்குக் கொடுக்க ஆள் இருக்கிறது, கல்வெட்டில் பெயர் வரும். மாசாமாசம் மளிகைக் கடைப் பாக்கியைக் கட்ட யாரும் முன்வருவதில்லை. பத்துப் பேர் குறைந்தால் உங்கள் நாலரை லட்சத்தில் பெரும்பகுதி மிஞ்சும். ஒரு மாணவன் சேர்ந்து படித்து முடிக்கும்வரை ஆகும் முழுச் செலவையும் உங்கள் வாலிபர் சங்கம் ஏற்க முடியுமா என்று பாருங்கள். பாதியில் நிறுத்துவதாக இருந்தால் ஆரம்பிக்கவே வேண்டாம். சபை அறக்கட்டளையாகப் பதிவாகியிருந்தால், ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அறக்கட்டளைப் பணத்தை நாட்டுக்கு வெளியே செலவழித்தால் பொதுவாக வரிவிலக்கில் சிக்கல் வரும்.

வெள்ளையடிப்பது வேண்டாம். அதை அந்த மாணவர்களே செய்வார்கள், இல்லையென்றால் உள்ளூரில் ஒருவருக்குக் கூலி கிடைக்கும். உங்கள் சங்கத்தில் எலக்ட்ரீஷியன் இருக்கிறாரா? கணக்கு எழுதத் தெரிந்த பி.காம். படித்த பெண் இருக்கிறாளா? சபைக் காணிக்கையை எப்படிப் பதிவு செய்வது, ரசீது எப்படிப் போடுவது என்று ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தால், ஊருக்குத் திரும்பும் ஒவ்வொரு மாணவனுக்கும் உதவும். அப்படிப்பட்டவர்களை அனுப்புங்கள்.

அப்படியானால் மூப்பர்கள் சொல்வதுபோல் பணத்தை மட்டும் அனுப்பினால் என்ன? அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஆனால் முழுவதும் சரியில்லை. இதற்கு நம் வெள்ளாளன்விளையில் பிறந்து, பிற்காலத்தில் பிஷப் ஆன அசரியா ஐயாவே பதில் சொல்லியிருக்கிறார். 1902-ல் அவர் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்து ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். அடுத்த வருஷமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், மேல்நாட்டு மிஷனரிகள் நிறைந்திருந்த அவையில் அவர் பேசியதன் சாரம் இது: ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். அன்றைக்குக் கேட்கும் இடத்தில் நாம் இருந்தோம். நேபாளத்துச் சபைக்கு முன்னால் இன்று கொடுக்கும் இடத்தில் இருக்கிறோம். வங்கி வழியாகப் பணம் போகும், நட்புக்கு ஆள்தான் போக வேண்டும். அவர்கள் சோற்றைச் சாப்பிட்டு, அவர்கள் பாட்டைக் கற்றுக்கொண்டு, "ஜய் மசீஹ்" என்று அவர்கள் வாழ்த்தைச் சொல்லி வந்த நான்கு பேர் உங்கள் சபையில் இருந்தால், அந்தக் கல்லூரிக்காக ஜெபிக்கும்போது அவர்கள் மனதில் முகங்கள் இருக்கும்.

அடுத்த வருஷம் அந்தக் கல்லூரி ஆசிரியர் ஒருவரை உங்கள் ஊருக்கு அழையுங்கள். உங்கள் பீடத்தில் அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். ஒருவழிப் பயணமாக வைத்தால் சீக்கிரம் நின்றுபோகும்.

ஆனி, ஆடியில் போகாதீர்கள். அது நாற்று நடும் காலம், மலைச்சாலைகளில் மண்சரிவும் அப்போதுதான். புரட்டாசி, ஐப்பசியில் தசைன் பண்டிகை விடுமுறை வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விசா தேவையில்லை, பாஸ்போர்ட் இல்லாதவர்கள் வாக்காளர் அடையாள அட்டை எடுத்துக்கொள்ளட்டும். டிக்கெட் போடுவதற்கு முன்னால் முதல்வருக்கு எழுதி, எந்த மாதம், எத்தனை பேர், எதற்காக வரலாம் என்று கேளுங்கள். இப்போது வர வேண்டாம் என்று அவர் சொன்னால், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி