தம்பி 1861லேயே நின்றுவிட்டார்

கேள்வி: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி கொஞ்ச நாளாக யூடியூபில் ஏதேதோ பார்த்துவிட்டு, "நம் சபையை ஆரம்பித்தவர்கள் திரித்துவத்தை (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பதை) நம்பவே இல்லை, அது பின்னால் திருட்டுத்தனமாக நுழைத்த போதனை" என்கிறான். ஓய்வுநாள் ஆராதனையில் 'திரியேக' என்று வரும் பாட்டுக்கு வாயைத் திறப்பதில்லை. அடுத்த மாதம் என் மகளுக்கு ஞானஸ்நானம். தாய்மாமன் அவன், வரமாட்டேன் என்கிறான். போதகரிடம் கேட்டால், "அதெல்லாம் விரோதிகள் கட்டிவிட்ட கதை" என்று முடித்துவிட்டார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரி, கேட்கக் கசப்பாக இருக்கலாம். இந்த விஷயத்தில் போதகரைவிட உங்கள் தம்பிதான் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவர் காட்டும் மேற்கோள்களில் முக்கியமானவை சபையின் சொந்தப் பத்திரிகையான 'ரிவ்யூ அண்ட் ஹெரால்டி'ல் அச்சானவை. 1963இலேயே எர்வின் கேன் என்பவர் அட்வென்டிஸ்டுகளின் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இதையே ஆய்வேடாக எழுதிக் கொடுத்தார். சபையின் வரலாற்றாசிரியர் ஜார்ஜ் நைட், போதகர்களுக்கான 'மினிஸ்ட்ரி' இதழில் 1993இல் இன்னும் வெளிப்படையாகவே எழுதினார்: இன்றைய அடிப்படை விசுவாசங்களுக்குச் சம்மதித்தால்தான் சேரலாம் என்றால், சபையைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் இன்று அதில் சேரவே முடியாது. ஆக, 'விரோதிகள் கதை' என்ற பதில் செல்லாது. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் படிக்கிற பிள்ளைகளை யூடியூப் பக்கம் தள்ளிவிடுகிறோம்.

ஆனால் 'திருட்டுத்தனமாக நுழைத்தார்கள்' என்பது வேறு குற்றச்சாட்டு. அங்கேதான் தம்பி வழுக்குகிறார்.

1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்து ஏமாந்த கதை உங்களுக்குத் தெரிந்ததே. அந்த நம்பிக்கையைப் பரப்பிய வில்லியம் மில்லர் ஒரு பாப்டிஸ்ட். திரித்துவத்தோடு அவருக்குச் சண்டை இல்லை. ஆனால் ஏமாற்றத்துக்குப் பிறகு சனிக்கிழமை ஓய்வுநாளைப் பிடித்துக்கொண்டு ஒன்றுசேர்ந்து, பின்னால் இந்தச் சபையாக வளர்ந்த சிறு கூட்டத்தில் முன்னால் நின்ற ஜோசப் பேட்ஸும் ஜேம்ஸ் வொயிட்டும் 'கிறிஸ்டியன் கனெக்‌ஷன்' என்ற குழுவிலிருந்து வந்தவர்கள். வேதாகமத்தைத் தவிர வேறு விசுவாசப் பிரமாணம் வேண்டாம் என்பது அந்தக் குழுவின் கொள்கை. திரித்துவம் வேதத்தில் இல்லை, பழைய திருச்சபைச் சங்கங்கள் கூடி எழுதியது, ஆகவே வேண்டாம். அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

பேட்ஸ் கப்பல் கேப்டனாக இருந்தவர். பெற்றோர் காங்கிரகேஷனல் சபை. 1827இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஃபேர்ஹேவன் ஊரில் அவர் கனெக்‌ஷன் குழுவில் சேரத் தீர்மானித்தபோது, அப்பாவிடம் சொன்னதைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்: நீங்கள் என் அப்பா, நான் உங்கள் மகன், அதேசமயம் நான் உங்கள் அப்பா, நீங்கள் என் மகன். இப்படி நாம் இருவரும் ஒன்று என்று நீங்கள் காட்டிவிட்டால் நான் திரித்துவத்தை நம்புகிறேன். நேரடியான மாலுமிப் பேச்சு. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தம்பி கட்டாயம் காட்டியிருப்பார் என்று நான் நினைக்கிற பகுதி. 1861 நவம்பரில் 'ரிவ்யூ'வுக்கு ஒரு வாசகர், திரித்துவப் போதனையில் அப்படி என்ன பெரிய குறை என்று கேட்டு எழுதினார். சபையின் முன்னோடிகளில் ஒருவரான ஜே.என். லஃப்பரோ பதில் சொன்னார்: ஒன்று, பொது அறிவுக்கு விரோதம், இரண்டு, வேதத்துக்கு விரோதம், மூன்று, அதன் பிறப்பு புறஜாதிக் கட்டுக்கதை. அதோடு விடவில்லை. இதை நம்பினால் தேவன் தம்மையே உலகத்துக்கு அனுப்பினார், உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கத் தாமே மரித்தார், தம்மையே உயிரோடு எழுப்பினார், பரலோகத்திலிருக்கும் தம்மிடமே ஏறிப்போனார் என்றெல்லாம் நம்ப வேண்டிவரும் என்று அடுக்கினார்.

பேட்ஸும் லஃப்பரோவும் எதை அடிக்கிறார்கள் என்று பாருங்கள். பிதாவும் குமாரனும் ஒரே ஆள், பெயர் மட்டும் இரண்டு என்கிற கருத்தை. அது திரித்துவம் அல்லவே! பிதா குமாரன் அல்ல, குமாரன் பிதா அல்ல என்றுதான் பழைய திருச்சபையின் விசுவாசப் பிரமாணங்களும் சொல்கின்றன. பேட்ஸ் அப்பாவிடம் கேட்ட கேள்வியை, கி.பி. 325இல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கத்தில் கேட்டிருந்தால் அங்கேயும் பலர் தலையாட்டியிருப்பார்கள்.

அதற்காக, முன்னோடிகள் புரியாமல் பேசினார்கள் என்று கைகழுவிவிடவும் முடியாது. அவர்களுக்கு இன்னும் ஆழமான கவலைகள் இருந்தன. சபைகளின் அறிக்கைகளில் தேவனுக்கு உடலும் உறுப்புகளும் இல்லை என்று எழுதியிருந்தது அவர்களுக்கு ஒப்பவில்லை. பிதாவும் குமாரனும் உருவமுள்ள, உண்மையான இரு நபர்கள் என்று பிடிவாதமாக நம்பினார்கள். நிசேயாவில் நிலைநாட்டிய போதனை பிதாவின் ஆளுமையையும் குமாரனின் ஆளுமையையும் அழித்துவிடுகிறது என்று ஜே.என். ஆண்ட்ரூஸ் 1855இல் எழுதியதற்கு இதுதான் பின்னணி. ஜே.எச். வாகனரின் கவலை சிலுவையைப் பற்றியது. திரித்துவக்காரர்கள் கிறிஸ்துவின் தெய்வீகம் மரிக்க முடியாது என்கிறார்கள்; அப்படியானால் சிலுவையில் மரித்தது வெறும் மனிதம்தானே, மனித பலி உலகத்தை மீட்குமா என்று கேட்டார். பதில் இருக்கிறதோ இல்லையோ, கேள்வி லேசானது அல்ல. கிறிஸ்துவைக் குறைக்க வேண்டும் என்று கிளம்பியவர் கேட்கிற கேள்வியாகவும் இது எனக்குப் படவில்லை.

சரி, தம்பியின் காணொளிகளில் 1861க்குப் பிறகு என்ன வருகிறது? மேற்கோள்கள் அந்தக் காலத்தோடு நின்றுவிடும், அடுத்த காட்சியில் சதி வந்துவிடும். நடுவில் நாற்பது வருஷத்துக்கு மேல் காணாமல் போகும்.

ஜேம்ஸ் வொயிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1846இல் 'வேதத்துக்குப் புறம்பான பழைய திரித்துவப் பிரமாணம்' என்றார். 1852இல் 'அபத்தம்' என்றார். அதே மனிதர் 1876இல், கிறிஸ்துவின் தெய்வீகம் பற்றி நமக்கும் திரித்துவக்காரர்களுக்கும் பெரிய தூரம் இல்லை என்றார். 1877இல் எழுதியது இன்னும் கூர்மை: மூன்றில் ஒன்று, ஒன்றில் மூன்று என்கிற விளக்க முடியாத திரித்துவம் மோசம்தான், ஆனால் கிறிஸ்துவைப் பிதாவுக்குக் கீழே தள்ளும் அதீத யூனிட்டேரியன் போதனை அதைவிட மோசம். அவர் திரித்துவக்காரராக மாறிவிடவில்லை. ஆனால் எந்தப் பக்கம் நகர்ந்தார் என்பதில் சந்தேகம் இல்லையே?

இன்னொரு முன்னோடி உரையா ஸ்மித் 1865இல் வெளியிட்ட வெளிப்படுத்தல் விளக்கத்தில் கிறிஸ்துவை 'முதலில் சிருஷ்டிக்கப்பட்டவர்' என்றே எழுதினார். பின்வந்த பதிப்பில் அதைத் திருத்தி, சிருஷ்டிக்கப்படவில்லை, ஜெநிப்பிக்கப்பட்டார் (பிதாவிடமிருந்து பிறந்தவர்) என்று மாற்றிக்கொண்டார். 1890இல் இ.ஜே. வாகனர் (முன்பு சொன்னவரின் மகன்) கிறிஸ்து பிதாவிடமிருந்து புறப்பட்டு வந்த காலம் ஒன்று உண்டு, ஆனால் அது நம் அறிவுக்கு எட்டாத நித்தியத்தில், ஆரம்பமே இல்லை என்று சொல்லத்தக்க தூரத்தில் என்றார். 1892இல் சபையின் பசிபிக் அச்சகம், அட்வென்டிஸ்ட் அல்லாத சாமுவேல் ஸ்பியர் எழுதிய திரித்துவம் பற்றிய கட்டுரையைத் துண்டுப் பிரசுரமாகவே வெளியிட்டது.

அப்புறம் 1898. ஜேம்ஸ் வொயிட்டின் மனைவியும், சபை தீர்க்கதரிசினியாக மதிப்பவருமான எலன் வொயிட்டின் 'தி டிசையர் ஆஃப் ஏஜஸ்' வந்தது. கிறிஸ்துவில் இருக்கும் ஜீவன் சுயமானது, கடன் வாங்காதது, யாரிடமிருந்தும் பெறாதது என்று ஒரு வரி. பரிசுத்த ஆவியானவர் 'தேவத்துவத்தின் மூன்றாம் நபர்' என்று இன்னொரு இடத்தில். திரித்துவம் என்ற சொல்லை அவர் தேவனைக் குறிக்கப் பயன்படுத்தவில்லை என்பதைத் தம்பி சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் புத்தகம் சபையைக் குலுக்கியது. எம்.எல். ஆண்ட்ரியாசன் என்ற போதகர், தாங்களெல்லாம் வியந்துபோனதாகவும் அதில் நம்ப முடியாத விஷயங்கள் இருந்ததாகவும் பிற்பாடு நினைவுகூர்ந்தார். யாராவது உதவியாளர் நுழைத்திருப்பாரோ என்ற சந்தேகம் அன்றும் இருந்தது. 1909இல் ஆண்ட்ரியாசன் கலிபோர்னியாவில் எலன் வொயிட்டின் எல்ம்ஸ்ஹேவன் வீட்டுக்கே போய்க் கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்தார். அந்த வரிகள் எலன் வொயிட்டின் கையெழுத்திலேயே இருந்தன. 'பிறகு செருகிவிட்டார்கள்' என்கிறவர்கள் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

கார்ன்ஃப்ளேக்ஸ் புகழ் அட்வென்டிஸ்ட் மருத்துவர் கெல்லாக் கொண்டுவந்த விஷம்தான் திரித்துவம் என்றும் சிலர் சொல்கிறார்கள். இயற்கைக்குள் தேவனைக் கரைத்துவிட்ட அவருடைய 'தி லிவிங் டெம்பிள்' வந்தது 1903இல். 1898 முதலில் வருமா, 1903 முதலில் வருமா?

தம்பிக்குச் சாதகமான ஒன்றையும் மறைக்கக் கூடாது. 1931இல் சபையின் ஆண்டு நூலில் திரித்துவத்தைச் சேர்த்து ஒரு விசுவாச அறிக்கை அச்சானது. தயாரித்தது நால்வர் குழு; பொதுச் சபையில் வைத்து வாக்கெடுக்கவில்லை. அது முறையாக விவாதித்து வாக்கெடுத்து நிறைவேறியது 1980இல், டாலஸ் நகரில். 1931இல் நடந்த விதம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அது ரகசியமும் அல்ல. 'ரிவ்யூ'வின் ஆசிரியர் எஃப்.எம். வில்காக்ஸ் 1913இலேயே அந்தப் பத்திரிகையில், அட்வென்டிஸ்டுகள் தெய்வீகத் திரித்துவத்தை நம்புகிறார்கள் என்று எழுதியிருந்தார்.

பாட்டுக்கு வருவோம். தம்பி வாயை மூடிக்கொள்ளும் பாட்டு 'தூய, தூய, தூயா'வாக இருந்தால், அதன் ஆங்கில மூலத்தை எழுதிய பிஷப் ஹீபர் 1826இல் இறந்தது நம் திருச்சியில்தான். தூய யோவான் ஆலயத்தில் கல்லறை இருக்கிறது. அமெரிக்க அட்வென்டிஸ்டுகள் 1941இல் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தில் அந்தப் பாட்டின் 'மூன்று நபரில் ஒரே தேவன்' என்ற வரியை எடுத்துவிட்டு, 'நித்தியத்தை ஆளும் சர்வத்துக்கும் மேலான தேவன்' என்று போட்டிருந்தார்கள். மூல வரி 1985 புத்தகத்தில்தான் திரும்பியது. ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றிய சதிக்கூட்டம் பாட்டுப் புத்தகத்தை ஐம்பது வருஷம் மறந்துவிடுமா?

இனி, வீட்டில் என்ன செய்வது. முதலில் தம்பியிடம், "நீ காட்டியதெல்லாம் உண்மை" என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்கத்தான் அவர் இத்தனை நாள் சத்தம் போடுகிறார். பிறகு ஒரு விஷயத்தைக் காட்டுங்கள். திரித்துவத்தை மறுத்து எழுதுவதற்கு ஒரு மாதம் முன்னால், 1861 அக்டோபரில் பேட்டில் க்ரீக் கூட்டத்தில் இதே லஃப்பரோ பேசினார். விசுவாசப் பிரமாணம் எழுதுவது விசுவாசத் துரோகத்தின் முதல் படி. அதை ஐக்கியத்துக்குச் சோதனையாக வைப்பது இரண்டாம் படி என்று ஆரம்பித்து, துன்புறுத்தல் வரை ஐந்து படி சொன்னார். இன்று தம்பி லஃப்பரோவின் பதிலையே பிரமாணமாக்கி, அதை வைத்து அக்கா மகளின் ஞானஸ்நானத்தைச் சோதிக்கிறார். இந்தப் பேச்சைப் போதகருக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம், தப்பில்லை.

திரித்துவம் சரியா தவறா என்பதை 1861ம் தீர்க்காது, 1980ம் தீர்க்காது. அதற்கு வேதத்தைத்தான் திறக்க வேண்டும். வேண்டுமானால் இருவரும் யோவான் சுவிசேஷத்தைச் சேர்ந்து படியுங்கள். பழைய 'ரிவ்யூ' இதழ்களைச் சபையே ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. துண்டு துண்டாகப் பார்ப்பதை விட்டு, 1846 முதல் 1898 வரை வருஷ வரிசையில் படிக்கச் சொல்லுங்கள்.

ஞானஸ்நானத் தேதியை மாற்ற வேண்டாம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற நாமம் மத்தேயு 28:19இல் இயேசு சொன்னது. முன்னோடிகள் சண்டை போட்டது சங்கங்களின் விளக்கத்தோடுதான், அந்த வசனத்தோடு அல்ல. தம்பியை அழைக்கும்போது இதை மட்டும் சொல்லுங்கள்; விவாதத்தை அன்றைக்குத் தொடவே வேண்டாம். அழைப்பை உங்கள் மகளே போனில் சொல்வது இன்னும் நல்லது.