பூனையின் மடியில் அணில்: கேள்வி பதில்

அரசுக் கால்நடை மருந்தகங்களில் உதவி மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஒன்றுக்கொன்று ஆகாதவை என்று நாம் எண்ணும் விலங்குகள் ஒன்றாகப் பழகுவதைப் பற்றியும், வீட்டுப் பிராணிகளின் விசித்திரமான பழக்கங்களைப் பற்றியும் வந்த கேள்விகளில் ஒரு பகுதிக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பூனை மூன்று குட்டி போட்டுப் பத்து நாள் ஆகிறது. தென்னையிலிருந்து கூட்டோடு விழுந்த அணில் குட்டி ஒன்றை அதன் அருகில் வைத்தோம். நக்கிக் கொடுத்துப் பாலும் குடிக்க விடுகிறது. பெரிதான பிறகும் இப்படியே இருக்குமா? (வாசகி, கும்பகோணம்)

குட்டி போட்ட முதல் சில வாரங்களில் தாய்ப் பூனையின் உடலில் புரோலாக்டின், ஆக்சிடோசின் ஆகிய சுரப்புகள் மிகுந்திருக்கும். அந்த நாட்களில் வெதுவெதுப்பாகவும் சிறியதாகவும் இருந்து மடியை முட்டுகிற எதையும் அது தன் குட்டியாக ஏற்றுக்கொள்ளக்கூடும். பூனை தன் குட்டிகளை எண்ணிப் பார்ப்பதில்லை, மோந்து பார்க்கிறது. பூனைக் குட்டிகள் படுத்த துணியால் அணிலைத் துடைத்துவிட்டு உள்ளே வைத்தால் ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு இன்னும் கூடும்.

பெரிதான பிறகு என்ன ஆகும் என்பதற்கு, தஞ்சைப் பக்கம் ஒரு வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். பூனையின் கழுத்தடியில் இரண்டு மாதமாகத் தூங்கி எழுந்த அணில் அது. ஒரு நாள் அடுப்படியில் எவர்சில்வர் டம்ளர் உருண்டு விழுந்த சத்தத்தில் மிரண்டு, தரையில் குறுக்கே ஓடியது. பூனை பாய்ந்து கவ்வியது. எல்லாம் இரண்டு நொடிக்குள் முடிந்துவிட்டது. பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, வழக்கமாக நக்கிக் கொடுப்பதைப் போலவே நெடுநேரம் நக்கிக்கொண்டிருந்தது. பதுங்குவது, பாய்வது, கவ்வுவது ஆகிய மூன்றும் பூனைக்குப் பசியோடு கட்டிப்போட்டவை அல்ல. வயிறு நிறைந்திருந்தாலும் குறுக்கே ஓடும் சிறிய உயிர் அவற்றைத் தூண்டிவிடும். ஆகவே அணில் பழங்களைக் கொறிக்கத் தொடங்கியதும் அதைத் தனிக் கூண்டுக்கு மாற்றி, நன்றாக ஏறி இறங்கக் கற்ற பின் மரங்கள் உள்ள தோப்பில் விட்டுவிடுங்கள்.

ஆனால் உங்கள் பூனைக் குட்டிகளின் கதை வேறு. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை ஒரு பூனைக் குட்டி எவற்றோடு பழகுகிறதோ அவற்றைப் பிற்காலத்திலும் பெரும்பாலும் அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும். நாய்க் குட்டிக்கு இந்தப் பருவம் மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரை நீள்கிறது. அதற்காக அந்தப் பூனைகளையும் நம்பி அணிலை விட்டுவைக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அடைக்கோழிக்கு வாத்து முட்டைகளை வைத்தோம். ஐந்து குஞ்சுகள் பொரித்தன. குளத்தைக் கண்டதும் அவை நீரில் இறங்கிவிட, கோழி கரையில் இங்கும் அங்கும் ஓடிக் கத்துகிறது. பார்க்கவே பாவமாக இருக்கிறது. பிரித்துவிடலாமா? (வாசகர், திருவாரூர்)

பிரிக்க வேண்டாம். நான் மிகவும் விரும்பிப் பார்க்கும் காட்சிகளில் இதுவும் ஒன்று; ஓரிரு வாரத்தில் கோழி பழகிக்கொள்ளும். குஞ்சுகள் நீந்தி முடிக்கும் வரை கரையில் நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும் கோழிகளை நான் பார்த்திருக்கிறேன்.

முட்டையிலிருந்து வெளிவந்த முதல் ஓரிரு நாட்களில் தன் கண்முன் அசைந்து குரல் கொடுப்பதை வாத்துக் குஞ்சு தாயாகப் பதிந்துகொள்கிறது. ஆஸ்திரிய அறிஞர் கான்ராட் லோரன்ஸ் சாம்பல் வாத்துக் குஞ்சுகளைத் தம் பின்னாலேயே நடக்கச் செய்து இந்தப் பதிவை விளக்கினார். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுக்காக 1973ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர். உங்கள் குஞ்சுகளுக்குத் தாய் யார் என்பதில் குழப்பம் இல்லை. எங்கே வாழ்வது என்பதில்தான் தாயோடு கருத்து வேறுபாடு. தாய் யார் என்பது பார்த்துப் பதிந்தது, நீரை நாடுவது கூடவே பிறந்தது என்னும் வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். தாய் வாத்தின் கீழ் வளராத வாத்துக் குஞ்சுகள் குளிரில் விறைத்துப்போகும். முதல் சில வாரங்களில் வாத்துக் குஞ்சுகளை நெடுநேரம் நீரில் விடாமல் வெயிலேறிய பின் சிறிது நேரம் மட்டும் இறங்க விடுங்கள். அடுத்த முறை கோழி முட்டைகளையும் வாத்து முட்டைகளையும் சேர்த்து வைப்பதாக இருந்தால், வாத்து முட்டைகளை ஒரு வாரம் முன்னதாகவே அடையில் வைத்துவிடுங்கள். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள் ஆகும். ஒன்றாக வைத்தால் கோழிக் குஞ்சுகள் பொரித்ததும் தாய் அவற்றை அழைத்துக்கொண்டு எழுந்துவிடும். வாத்து முட்டைகள் குளிர்ந்து வீணாகும்.

சுனாமியில் தாயைப் பிரிந்த நீர்யானைக் குட்டி ஒரு ஆமையோடு வாழ்ந்ததாகப் படித்தேன். இது உண்மையா, கட்டுக்கதையா? (மாணவி, நாகப்பட்டினம்)

உண்மை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் உங்கள் கரையைத் தாக்கிய அதே ஆழிப்பேரலை இந்தியப் பெருங்கடலின் மறுகரையான கென்யாவையும் எட்டியது. மலிந்தி என்னும் ஊருக்கு அருகே கடலில் தனித்துச் சிக்கிக்கொண்ட ஒரு வயது கூட நிரம்பாத நீர்யானைக் குட்டியை ஊர்மக்களும் மீனவர்களும் மீட்டு, மொம்பாசா நகரை ஒட்டிய ஹாலர் பூங்காவில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்கு ஓவன் என்று பெயரிட்டார்கள். அங்கே ஏறத்தாழ 130 வயது என்று மதிக்கப்பட்ட அல்டாப்ரா பேராமை ஒன்று இருந்தது. அதன் பெயர் எம்ஸே. சுவாஹிலி மொழியில் பெரியவர் என்று பொருள். ஓவன் நேராகச் சென்று அதன் பின்னால் ஒண்டிக்கொண்டது.

செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒரு பகுதி உண்டு. பெரியவருக்குத் தொடக்கத்தில் இது சற்றும் பிடிக்கவில்லை. சீறியது, நகர்ந்து நகர்ந்து போனது. குட்டி விடாமல் பின்தொடர்ந்ததால் சில நாட்களில் பொறுத்துக்கொள்ளத் தொடங்கி, பிறகு சேர்ந்து உண்ணவும் உறங்கவும் செய்தது. நீர்யானைக் குட்டி இயல்பாகத் தாயின் உடலை ஒட்டியே வாழ்வது. உருண்டு திரண்ட பெரிய சாம்பல் நிற உடல் ஒன்று கிடைத்ததும் அதைப் பற்றிக்கொண்டது. எனவே நட்பு என்பதைவிட அடைக்கலம் என்ற சொல்லே முதலில் பொருந்தும். சில ஆண்டுகளில் ஓவனின் எடை ஆமைக்கு ஆபத்தாகிவிடும் என்று தோன்றியதால் இரண்டையும் பிரித்து, ஓவனைக் கிளியோ என்ற பெண் நீர்யானையோடு பழக விட்டார்கள். அந்தப் பிரிவைக் கொடுமை என்று பலர் வருந்தினார்கள். நான் அவ்வாறு நினைக்கவில்லை. நீர்யானைக்கு நீர்யானை வேண்டும்.

நாளிதழை விரித்தால் எங்கள் பூனை அதன் மேல் வந்து உட்கார்கிறது. மடிக்கணினியைத் திறந்தால் விசைப்பலகையில் படுக்கிறது. பொறாமையா? (வாசகர், சென்னை)

மடிக்கணினியைப் பொறுத்தவரை வெப்பமே முதல் காரணம். ஏறத்தாழ 30 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை பூனையின் உடலுக்கு இதமானது. நாம் மின்விசிறியைத் தேடும் வெப்பத்தில் அது சுகமாகத் தூங்கும். நாளிதழில் அந்தக் காரணம் பொருந்தாது. உங்கள் பார்வை எங்கே குவிகிறதோ அங்கே சென்றால் தலையில் ஒரு தடவல் கிடைக்கும் என்பதை அது கற்றுக்கொண்டிருக்கிறது. கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தான்.

வீட்டில் நாட்டு நாய் இருக்கிறது. பிள்ளைகள் கேட்பதால் முயல் வாங்கப் போகிறோம். இரண்டும் நண்பர்களாகி விளையாடும் காணொளிகளைப் பார்த்திருக்கிறோம். எப்படிப் பழக்குவது? (வாசகி, மதுரை)

முதலில் ஒரு கேள்வி: அந்தக் காணொளிகளில் முயலைப் பார்த்தீர்களா? நாயின் வாலாட்டத்தைப் பார்த்து மகிழ்கிறோம். முயல் அசையாமல் கண்களை விரித்து, காதுகளை முதுகோடு ஒட்டிப் படுத்திருந்தால் அது உறவு கொண்டாடுவது அல்ல, அச்சத்தில் உறைந்திருப்பது. கடுமையான அச்சத்தினாலேயே இறந்துபோகும் முயல்கள் உண்டு.

வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால் சில வாரங்கள் ஒன்றையொன்று பார்க்க விடாமல், வாசனை படிந்த துணியை மட்டும் மாற்றி மாற்றி வையுங்கள். பிறகு கம்பி வலைக்கு இருபுறமும் இருக்கட்டும். நாயை வாரில் பிடித்துக்கொண்டு, அது முயலைப் பாராமல் உங்களைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் தின்பண்டம் கொடுங்கள். முயல் புகுந்து ஒளிய, நாயின் தலை நுழையாத ஒரு பெட்டி எப்போதும் இருக்க வேண்டும். உங்கள் நாய் தெருவில் அணிலையோ பூனையையோ துரத்தும் நாயாக இருந்தால் இந்த முயற்சியே வேண்டாம். எத்தனை ஆண்டு பழகினாலும், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் இரண்டையும் ஒன்றாக விடக் கூடாது. பூனை வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பூனையின் எச்சிலில் உள்ள பாஸ்டுரெல்லா என்னும் நுண்ணுயிரால், பல் சற்றே பட்ட லவ் பேர்ட்ஸ் கூட ஓரிரு நாளில் இறந்துவிடலாம். காயம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

எங்கள் பச்சைக்கிளியும் நாயும் இணைபிரியாதவை. கிளிக்கு என்ன தீனி கொடுக்கலாம்? (வாசகர், சேலம்)

பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தீனியைப் பற்றிப் பேசுவதற்கு முன் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

எங்கள் குடும்பம் ஆட்டுக்கிடை போடும் குடும்பம். எங்கள் நாய் ஆடுகளுக்கு நடுவில்தான் படுக்கும். ஆட்டுக்குட்டி அதன் மேல் ஏறிக் குதித்தாலும் உறுமாது. ஆனால் வேறு கிடை ஆடு வந்தால் விரட்டுகிறது. அதற்கு எப்படி அடையாளம் தெரிகிறது? (வாசகர், இராமநாதபுரம்)

நீங்கள் குறிப்பிட்ட அந்த வேறுபாடுதான் இந்தப் பகுதி முழுவதிலும் எனக்கு முக்கியமானதாகப் படுகிறது. நாய்க்கும் ஆட்டுக்கும் உறவு ஏற்படுவதில்லை. இந்த நாய்க்கும் இந்த ஆடுகளுக்கும்தான் உறவு ஏற்படுகிறது. கண் திறந்த சில வாரங்களிலேயே கிடையில் வளர்ந்ததால் அந்த மந்தையின் வாசனையும் குரலும் அதற்குத் தன் கூட்டமாகிவிட்டன. வாசனை மாறினால் அது வேற்று ஆடு.

இதே முறையை ஆஸ்திரேலியாவில் பெங்குயின்களுக்குப் பயன்படுத்தினார்கள். விக்டோரியா மாநிலத்தில் வார்ணம்பூல் என்ற ஊரை ஒட்டி மிடில் ஐலண்ட் என்னும் சிறு தீவு உள்ளது. கடல் வற்றும் நேரத்தில் நரிகள் நடந்தே தீவுக்குள் சென்று, நூற்றுக்கணக்கில் இருந்த, குட்டிப் பெங்குயின் என்னும் சிறிய இனப் பெங்குயின்களைப் பத்துக்கும் கீழே குறைத்துவிட்டன. கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவரின் யோசனைப்படி, 2006ஆம் ஆண்டு முதல் இத்தாலியில் ஆட்டுமந்தை காக்கும் மரெம்மா இன நாய்களைத் தீவில் காவலுக்கு விட்டார்கள். பெங்குயின்கள் மீண்டும் நூற்றைத் தாண்டின. நாய் அங்கே இருக்கும் வாசனையே நரியைத் தடுத்தது. நம் ஊர்க் கிடைக்காரர் எவரிடம் கேட்டிருந்தாலும் இந்த யோசனையைச் சொல்லியிருப்பார்.

பூனை கொல்லையில் குப்பைமேனிச் செடியைப் பிடுங்கிய இடத்தில் புரண்டு புரண்டு கிடக்கிறது. நோயா? (வாசகி, யாழ்ப்பாணம்)

நோய் இல்லை. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயர் நம் மருத்துவ நூல்களிலேயே இருக்கிறது. அதன் வேரை முகர்ந்தால் பூனைகள் முகத்தைத் தேய்த்து, எச்சில் ஒழுக மயங்கிப் புரளும். சிறிது நேரத்தில் தானே எழுந்து போய்விடும்.

பன்னிரண்டு ஆண்டு நாயும் பூனையும் ஒரே சாக்கில் தூங்கின. நாய் சென்ற ஞாயிறு இறந்துவிட்டது. பூனை வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறது. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. துக்கம்தானே, தானாகச் சரியாகிவிடும் என்கிறார்கள். (வாசகி, கோயம்புத்தூர்)

துக்கமா என்று கேட்டால், பூனை தேடுகிறது என்பது வரை உறுதியாகச் சொல்வேன். ஆனால் தானாகச் சரியாகட்டும் என்று விடக்கூடிய நிலை இது இல்லை. பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாமல் இருந்தால், உடலில் சேர்ந்த கொழுப்பு கல்லீரலில் படிந்து அது செயலிழக்கத் தொடங்கும்; சற்றுப் பருத்த பூனையாக இருந்தால் ஆபத்து இன்னும் விரைவாக வரும். காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டாலும் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பன்னிரண்டு வயதுப் பூனைக்குச் சிறுநீரகக் கோளாறோ பல்வலியோ இருந்து, அது இந்த நேரத்தில் வெளிப்பட்டிருக்கவும் கூடும்.

வீட்டில், வேகவைத்த மீனை முள் நீக்கி, உப்பில்லாமல் வெதுவெதுப்பாகக் கையில் வைத்துக் காட்டுங்கள். சூடு இருந்தால்தான் வாசனை எழும், வாசனை எழுந்தால்தான் பூனை உண்ணும். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கைத் தரும். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு மாத்திரையும் பூனையைக் கொல்லும். இன்னொரு நாய்க் குட்டியை உடனே வாங்கி வரவும் வேண்டாம். அந்தச் சாக்கை மட்டும் இப்போதைக்குத் துவைக்காமல் இருந்த இடத்திலேயே போட்டு வையுங்கள்.