வீடியோ கேமில் வில்லன் வரும்போது வரும் இசை மட்டும் ஏன் வயிற்றைக் கலக்குகிறது? பெரிய ஆர்க்கெஸ்ட்ரா இருந்தால்தான் அது வருமா?

கேள்வியின் இரண்டாவது பாதியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா தேவையில்லை. நீங்கள் ஒரு லேப்டாப்பும் இலவச சாம்பிள்களுமாக (பதிவு செய்து வைத்த கருவி ஒலிகள்) உட்கார்ந்து, பிராஸ் என்கிற பித்தளை ஊதுகருவிகள், கோரஸ், டிம்பனி என்கிற பெரிய முரசு என்று இருப்பதையெல்லாம் ஏற்றிவிட்டு, சத்தம் வருகிறது, பயம் வரவில்லையே என்று முழித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் கும்பகோணம் பக்கம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். மேற்கத்திய இசைக்கான கிரேடு தேர்வு எதுவும் எழுதியதில்லை. அதைச் சுட்டிக்காட்ட வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: 'ஃபைனல் ஃபேன்டசி 7' என்ற ஜப்பானிய வீடியோ கேமுக்கு இசையமைத்த நொபுவோ உயேமட்சுவும் தானாகக் கற்றுக்கொண்டவர்தான். அவரோடு என்னை ஒப்பிடவில்லை, சாமி.

1997-இல் வந்த அந்த கேமின் கடைசிச் சண்டையில், செஃபிராத் என்ற வில்லனுக்கு 'ஒன் விங்டு ஏஞ்சல்' என்று ஓர் இசை வரும். ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' என்ற பாலே இசையின் (1913) பாதிப்பு அதில் உண்டு. ஸ்ட்ராவின்ஸ்கி என்ன செய்தார் என்றால், தந்திக் கருவிகளை ஒரே கோர்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) விடாமல் வெட்டி வெட்டி இழுக்க வைத்தார். எட்டு ஹார்ன்கள் நாம் எதிர்பார்க்காத இடத்தில் மட்டும் சேர்ந்து குத்தும். அடுத்த குத்து எங்கே விழும் என்று தெரியாமல் உடம்பு தயாராகவே இருக்கிறது பாருங்கள், அதுதான் பயம். உயேமட்சு அந்த இசையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதி, அப்புறம் கோத்தார். அந்த கேம் முழுவதிலும் மனிதக் குரல் பாடுவது இந்த ஓர் இடத்தில் மட்டும்தான். அத்தனை மணி நேரம் ஒளித்து வைத்ததைக் கடைசியில் எடுத்து வெளியே விடுகிறார். அதற்கு முந்தைய பாகத்தில் (1994) கெஃப்கா என்ற வில்லனுக்கு ஆர்கன் வரும். அந்த கேம் ஓடிய சூப்பர் நின்டெண்டோ கருவியில் ஒரே நேரத்தில் ஒலிக்க முடிந்ததே எட்டு ஒலிகள்தான். அதற்குள்ளேயே மிரட்டியிருக்கிறார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படிக்கும் பையன்கள் சிலர் ஒரு கேம் செய்துகொண்டு என்னிடம் வந்தார்கள். கொள்ளிடத்தில் ராத்திரி மணல் அள்ளும் கும்பலின் தலைவன்தான் வில்லன். அவனுக்கு ஒரு மெட்டும் போட்டு வந்திருந்தார்கள், மெட்டு நன்றாகவே இருந்தது. ஆனால் டிராக்குக்கு மேல் டிராக். நடு ஸ்தாயியில் எல்லாக் கருவிகளும் ஒன்றாக நின்று கத்திக்கொண்டிருந்தன. கல்யாண ரிசப்ஷன் மாதிரிதான் கேட்டது.

முக்கால்வாசியை மியூட் செய்தேன். கீழே டபுள் பேஸும் டிராம்போனும், உச்சியில் மெலிதாக ஒரு வயலின், நடுவில் ஒன்றுமில்லை. மனிதக் குரல் புழங்கும் இடம் நடு ஸ்தாயிதான். அது காலியாக இருந்தால் காதுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. கீழே இருக்கும் இரண்டையும் அரை ஸ்வர இடைவெளியில் வைத்தேன். நொடிக்கு 55 அதிர்வும் (55 ஹெர்ட்ஸ்) 58 அதிர்வும் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு மூன்று தடவை சத்தம் ஏறி இறங்கும். பக்கத்து வயலில் பம்புசெட் ஓடும்போது வீட்டுச் சுவர் அதிருமே, அந்த மாதிரி. இதையே மூன்று ஸ்தாயி மேலே வாசித்தால் வெறும் அபஸ்வரம்தான்.

அப்புறம் எங்கள் ஊரில் காவடிக்கு வரும் உறுமிக்காரரைக் கூப்பிட்டு ரெக்கார்டு செய்தேன். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்தால் ஒரு முனகல் வரும். செல்லோவில் விரலை வழுக்கி வாசிப்பதை அதற்குக் கீழே சேர்த்தேன். இரண்டில் எது கருவி, எது மிருகம் என்று பிரிக்க முடியவில்லை. உறுமியைப் போட்டால் 'ஃபோக்' ஆகிவிடும் என்று ஒருவன் முகம் சுளித்தான். தாளம் போட்டால்தானே தம்பி ஃபோக், நான் தாளமே போடவில்லையே என்றேன்.

எங்களுக்குள் சண்டை வந்தது வேறோர் இடத்தில். வில்லன் லாரியிலிருந்து இறங்கும் நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன்.

"அண்ணே, என்ட்ரிண்ணே! இங்கதான் பெருசா அடிக்கணும்."

"அவன் முதல்ல இறங்கட்டும்டா. அடி எங்கே போயிடப் போகுது?"

அவர்கள் சமாதானமாகவில்லை. வகுப்புத் தோழர்கள் சிலரிடம் விளையாடக் கொடுத்துப் பார்த்தோம். அந்த மௌனத்தில் ஒருவன் பயந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டான். அதோடு பேச்சு முடிந்தது.

   

கடைசியாக ஒன்று. உங்கள் கேமைப் பாதிப் பேர் போனில் விளையாடுவார்கள். போன் ஸ்பீக்கரில் 55 ஹெர்ட்ஸ் வரவே வராது. அதே வரியை ஒரு ஸ்தாயி மேலே பஸூன் என்ற ஊதுகருவியிலும் மெதுவாகச் சேர்த்து வாசியுங்கள். மேலே கேட்கும் ஒலிகளை வைத்துக் காது கீழே இருப்பதைத் தானே ஊகித்துக்கொள்ளும். ஹெட்போனில் மட்டும் கேட்டுவிட்டு ஓகே சொல்லிவிடாதீர்கள்.