டெம்பரரி கிரீன் போட்டிருக்கிறார்கள், கிளம்பிப் போகலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. எனக்குத் தக்கலை பக்கம். வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் கோல்ஃப் பழகினேன், ஊருக்கு வந்த பிறகும் விட மனசில்லை. நண்பர்கள் நாலு பேர் மாதம் ஒரு தடவை கார் எடுத்துக்கொண்டு வெளியூர் மைதானங்களுக்குப் போகிறோம். போன தடவை போன 9 ஹோல் மைதானத்தில் நாலு ஹோலில் டெம்பரரி கிரீன், அதாவது குழி இருக்கும் வழக்கமான புல்தளத்தை (கிரீன்) மூடிவிட்டு வேறிடத்தில் தற்காலிகமாகப் போட்ட தளம். கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. என் பந்து தாண்டிப்போய்ப் பழைய கிரீனில் விழுந்தது. ஒருவர் 'அங்கிருந்து அடிக்கக் கூடாது' என்றார், இன்னொருவர் 'பட்டரால் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) தட்டினால் தப்பில்லை' என்றார். அரை மணி நேரம் வாக்குவாதம். யார் சொன்னது சரி? அந்த ஸ்கோரை ஹேண்டிகேப்புக்கு, அதாவது ஆட்டத்திறனைக் காட்டும் எண்ணுக்குக் கொடுக்கலாமா? இப்படி ஆடுவதால் என் பட்டிங் கெட்டுப்போகுமா?

பதில்: மைதானத்தின் பெயரை எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வாக்குவாதத்தை முதலில் முடித்துவிடுவோம். அடிக்கக் கூடாது என்றவர்தான் சரி. பட்டராக இருந்தாலும் கூடாது.

டெம்பரரி கிரீன் போட்ட ஹோலில் பழைய கிரீனுக்கு விதிப்புத்தகம் வைத்திருக்கும் பெயர் 'தவறான கிரீன்'. விதி 13.1f. அதில் பந்து கிடந்தால் அப்படியே ஆட உங்களுக்கு அனுமதி இல்லை. தண்டனையில்லாமல், இலவசமாக வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். இது சலுகை இல்லை, கட்டாயம். மீறி அடித்தால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் 2 ஸ்ட்ரோக் தண்டனை, ஹோல் ஹோலாக வெல்லும் மேட்ச் பிளேயில் அந்த ஹோலே போச்சு. 2019-க்கு முன்னால் பந்து வெளியே கிடந்து கால் மட்டும் அந்த கிரீனில் நின்றால் பரவாயில்லை என்று இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பந்து, நிற்கும் இடம், ஸ்விங் மூன்றுமே அந்த கிரீனுக்கு வெளியே வர வேண்டும். பட்டர் நண்பர் பழைய புத்தகம் படித்தவராக இருந்தாலும் அவருக்குத் தப்பிக்க வழியில்லை, பந்து கிரீனுக்குள் கிடந்தால் அப்போதும் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

எப்படி எடுப்பது? மூன்றும் விலகுகிற மிகப் பக்கத்துப் புள்ளியைப் பாருங்கள். அங்கிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள், முட்டி உயரத்திலிருந்து பந்தை விடுங்கள். கிளப் நீளம் என்றால் பையில் பட்டர் நீங்கலாக நீளமான மட்டை எதுவோ அது. குழிக்குக் கிட்டே போகக் கூடாது. எல்லாரும் சறுக்குவது இந்தக் கடைசி வார்த்தையில்தான். டெம்பரரி கிரீன் பெரும்பாலும் பழைய கிரீனுக்கு முன்னால், ஃபேர்வே எனப்படும் வெட்டிய புல்வெளியில் இருக்கும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள், அதாவது குழி இப்போது உங்கள் முதுகுக்குப் பின்னால், முதல் அடி அடிக்கும் டீ இருக்கும் பக்கம் இருக்கிறது. பந்து பழைய கிரீனின் முன் ஓரத்தில் கிடந்தால், ரெண்டடி முன்னால் நல்ல ஃபேர்வே தெரிகிறதே என்று கை அங்கேதான் போகும். அது குழிக்குக் கிட்டே போவது, கூடாது. ஓரமாகப் பக்கவாட்டில் நகருங்கள், இல்லையென்றால் பின்னால் போங்கள். மணல் குழியான பங்கருக்குள் போட வேண்டிய அவசியமும் இல்லை. தவறான கிரீன், பங்கர் போன்றவை நீங்கலான பொதுப்பகுதியில் சேர்ந்தது, ஆகவே பந்தை இப்படி எடுத்துவிடும் நிவாரணமும் பொதுப்பகுதியில்தான். பந்து பங்கருக்குள் கிடந்து, கால் மட்டும் பழைய கிரீனில் நிற்க வேண்டியிருந்தால் கதை வேறு. அப்போது பங்கருக்குள்ளேதான் இடம் தேட வேண்டும்.

இதில் நானே மாட்டியிருக்கிறேன். மைதானப் பராமரிப்பு வேலையில் சேர்ந்த புதிதில், ஆள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மூடிய கிரீனில் பட்டரோடு இறங்கினேன். டிராக்டரிலிருந்த பெரியவர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, 'மக்கா, பட்டரால ஒண்ணும் ஆகாது, ஒன் காலாலதான் ஆகும்' என்றார். மேலே திட்டவும் இல்லை.

அவர் சொன்னது மண் விஷயம். நாஞ்சில் நாட்டு வயலைப் பார்த்தவருக்கு இது எளிதில் புரியும். நடவுக்கு முன்னால் தண்ணீர் கட்டித் தொளி அடிப்பது எதற்கு? ஈர மண்ணை மிதித்துக் கலக்கினால் அதன் துளைகள் அடைபட்டு, தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும். நெல்லுக்கு அது வேண்டும். கிரீனுக்கு அதுவே எமன். மழையில் ஊறின கிரீனில் ஐம்பது பேர் நடந்தால், தெரிந்தோ தெரியாமலோ ஐம்பது பேரும் தொளி அடிக்கிறார்கள். வேருக்குக் காற்று போகாமல் புல் மஞ்சளடித்து, பாசி பிடித்து, மீண்டு வர மாதக்கணக்காகும்.

குளிர்நாடுகளில் டெம்பரரி கிரீன் போடுவது உறைபனிக்காக. உறைந்த புல்லை மிதித்தால் உள்ளே செல்கள் உடைந்து, மறுநாள் காலடி வடிவத்திலேயே கருகிக் கிடக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் நம் ஊரிலும் அந்தக் கவலை உண்டு. சமவெளியில் காரணம் இரண்டுதான்: மழை, பராமரிப்பு. நம் பக்கம் தென்மேற்கும் பெய்கிறது, வடகிழக்கும் பெய்கிறது. மைதானக்காரர் வருஷத்தில் இரண்டு தடவை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்கிறார். பராமரிப்பு என்றால் கிரீனில் துளை போட்டு மணல் நிரப்புவது, அல்லது பழைய புல்லைச் சுரண்டி எடுத்துப் புதிது நடுவது. தென்னிந்தியச் சமவெளி கிரீன்களில் பெரும்பாலும் இருப்பது பெர்முடா ரகங்கள். பெர்முடா என்றவுடன் அந்நியமாக நினைக்க வேண்டாம், நம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்தான் மூலம். அருகு சூட்டில்தான் தழைக்கும், அதனால் பெரிய வேலைகளைக் கோடையை ஒட்டி வைத்துக்கொள்வார்கள். புதிதாக நட்டால் ஆட்டத்துக்குத் தயாராக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். நீங்கள் பார்த்த நாலு கிரீன் ஒரே நேரத்தில் மூடியிருந்தது என்றால், மழையைவிடப் புல் மாற்றும் வேலையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். பட்டிங் கெடுமா என்று கேட்டீர்கள். கெடும், நீங்கள் கெடுத்துக்கொண்டால். நல்ல கிரீனில் புல்லை 3, 4 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுகிறார்கள். டெம்பரரி என்பது ஃபேர்வேயில் ஒரு வட்டத்தைக் கொஞ்சம் தாழ வெட்டி, உருளை ஓட்டி, குழி போட்டது. திடீரென்று 4 மில்லிமீட்டருக்கு இறக்கினால் அந்தப் புல் செத்துவிடும், அதனால் உயரமாகவே இருக்கும். பவுடர் போடாத கேரம் போர்டில் ஆடுவது மாதிரி. ஸ்டிரைக்கரை ஓங்கித் தட்டுவீர்கள் அல்லவா, அதேபோல் இங்கே பட்டரை ஓங்க ஆரம்பிப்பீர்கள். இரண்டு ரவுண்டு இப்படி ஆடிவிட்டு நல்ல கிரீனுக்குப் போனால் முதல் பட் குழியைத் தாண்டி ஆறடி ஓடும். நான் சொல்வது, டெம்பரரியில் பட் விழுந்தாலும் விழாவிட்டாலும் அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளாதீர்கள். ஸ்ட்ரோக்கை மாற்றாதீர்கள், பட்டரை மாற்ற வேண்டும் என்று கடைக்கு ஓடாதீர்கள். சரிவை பாதிக்குப் பாதிதான் நம்புங்கள், மெதுவான புல்லில் பந்து அவ்வளவு வளையாது. நேராக, கொஞ்சம் அழுத்தி அடித்துவிட்டு அடுத்த ஹோலுக்குப் போங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: புல் சாய்ந்திருக்கும் திசை. உயரமான அருகம்புல்லில் அது பந்தை நன்றாகவே இழுக்கும். குழியை நோக்கிப் பார்க்கையில் புல் பளபளவென்று வெளிறித் தெரிந்தால் உங்களுக்கு அனுகூலமாகச் சாய்ந்திருக்கிறது, கருத்து மங்கித் தெரிந்தால் எதிராக. எதிர்ப்புல்லில் இன்னும் ஒரு அழுத்து.

அன்றைய ஸ்கோரைத் தீர்மானிப்பது பட்டர் இல்லை, அதற்கு முந்தின அடி. 150 யார்டு கம்பம் சொல்வது பழைய கிரீனின் தூரத்தை. கையிலிருக்கும் ஜிபிஎஸ் வாட்ச்சும் அதையே சொல்லும். பழக்கதோஷத்தில் பை தூக்கி வரும் கேடியும் அதையே சொல்வார். டெம்பரரி 40 யார்டு முன்னால் இருந்தால் உங்கள் கையில் மூன்று நாலு கிளப் கூடுதலாக இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் பந்து தாண்டிப் போனதற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கும், பந்தயமே கட்டுவேன். கொடியை நேராக அளக்கிற லேசர் கருவி வைத்திருப்பவரிடம் கேளுங்கள், இல்லையென்றால் கம்பத்திலிருந்து நடந்து எண்ணுங்கள்.

இன்னொன்று, ஆபத்து இருக்கும் இடம் மாறிவிட்டது. பழைய கிரீனைக் காவல் காத்த பங்கர்கள் எல்லாம் இப்போது குழிக்குப் பின்னால். முன்னால் வெறும் ஃபேர்வே. ஆகவே பந்து எட்டாமல் முன்னாலேயே நிற்பது நல்லது, தாண்டுவது கெடுதல். உயரத் தூக்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். அந்தச் சின்ன வட்டத்தில் பந்து நிற்பது அதிர்ஷ்டம்தான். காய்ந்திருந்தால் 8 அயர்ன் மட்டையோ 9 அயர்ன் மட்டையோ எடுத்து, முன்னால் விழவைத்து உருட்டிவிடுங்கள். பதினைந்து யார்டுக்குள் என்றால் பட்டரே போதும். நாலு டெம்பரரி இருக்கிற நாளை சிப் (கிரீனுக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும் சின்ன அடி) பயிற்சி நாளாக வைத்துக்கொண்டால் பெட்ரோல் காசுக்கு நஷ்டமில்லை. வளைகுடாவில் எண்ணெய்க் கம்பெனிக் குடியிருப்புகளின் மணல் மைதானங்களைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் கலந்த மணலை இழுத்துச் சமன்செய்து 'பிரவுன்' என்று பட்டிங் ஆடுவார்கள், கையோடு ஒரு துண்டுப் புல்பாயை எடுத்துப்போய் அதில் வைத்து அடிப்பார்கள். நம் நாட்டிலும் பழைய மைதானங்களில் பிரவுன்தான் இருந்தது. அதில் ஆடினவர்களுக்கு உருட்டு ஆட்டம் கைவந்த கலை.

டெம்பரரி கிரீனைக் கிளப் கமிட்டி கிரீனாக அறிவித்துவிட்டால், விதிப்படி அது முழுக் கிரீன். அடையாளம் வைத்துப் பந்தை எடுக்கலாம், துடைக்கலாம், காலடித் தடத்தைச் சரிசெய்யலாம், மணலைத் தட்டிவிடலாம். பந்து உருளும் பாதையில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தால் அதற்கும் நிவாரணம் உண்டு. தொல்லை ஓரத்தில்தான். கோடு போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. போடவில்லையென்றால் எதுவரை கிரீன் என்று கிளம்புவதற்கு முன்பே கிளப்பில் கேட்டுவிடுங்கள். நாலு பேரும் தேங்காய்க்கு அடித்துக்கொள்கிற மாதிரி அங்கே நின்று சண்டை போட வேண்டாம்.

ஹேண்டிகேப் விஷயம் உங்கள் கையில் இல்லை. உலக ஹேண்டிகேப் முறையில், தற்காலிக மாற்றம் செய்தால் கிளப் கமிட்டி தேசிய அமைப்புக்குச் சொல்ல வேண்டும். நமக்கு அது இந்தியன் கோல்ஃப் யூனியன். ஸ்கோர் செல்லுமா, மைதானத்தின் கடினத்தைக் காட்டும் கோர்ஸ் ரேட்டிங்கை மாற்ற வேண்டுமா என்பதை முடிவு செய்வது அவர்கள். கிளப் செயலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆனால் குழியைப் பாருங்கள். விதிப்படி விட்டம் 108 மில்லிமீட்டர். டெம்பரரியில் சலிப்பைக் குறைக்கச் சில இடங்களில் வாளி மாதிரி பெரிய குழி போடுவார்கள். நண்பர்களுக்குள் 'கிரீனுக்கு வந்தால் ரெண்டு பட் கணக்கு' என்றும் பேசிக்கொள்வார்கள். இரண்டும் நல்ல ஏற்பாடுதான், நேரம் மிச்சம், நானும் ஆடியிருக்கிறேன். அந்த ஸ்கோர் மட்டும் கணக்குக்கு ஆகாது.

இனி காசு. முழுக் கட்டணம் வாங்கியது நியாயமா என்றால், முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நியாயம், சொல்லாமல் வாங்கியிருந்தால் இல்லை. பணம் கட்டின பிறகு கேட்டுப் பிரயோஜனமில்லை. 18 ஹோலில் இரண்டு டெம்பரரி என்றால் நான் யோசிக்காமல் போவேன். உங்களுடையது 9 ஹோல் மைதானம், அதை இரண்டு சுற்று ஆடுவீர்கள், அப்போது நாலு எட்டாகிறது. பதினெட்டில் எட்டு! அதற்கு 9 ஹோலோடு முடித்துக்கொண்டு பாதிக் கட்டணம் கேட்பதுதான் புத்தி. நாகர்கோவிலிலிருந்து கவுடியாரில் இருக்கும் திருவனந்தபுரம் மைதானத்துக்கு எழுபது கிலோமீட்டர் சுமார். காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம், அவ்வளவு தூரத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. கொடைக்கானல் என்றால் முன்னூறு கிலோமீட்டருக்கு மேல், ராத்தங்கல் வேறு.

தூரப் பயணத்துக்கு முந்தின நாள் ஒரு போன் பண்ணுங்கள். எத்தனை டெம்பரரி, எதனால், எப்போது திறப்பார்கள் என்று கேளுங்கள். அதோடு திறந்திருக்கும் கிரீன்களில் துளை போட்டு மணல் கொட்டியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். யாரும் இதைக் கேட்பதில்லை. டெம்பரரியைவிட அது மோசம், பந்து குதித்துக் குதித்துப் போகும், அதற்கு எந்த மைதானத்திலும் அறிவிப்புப் பலகை வைத்து நான் பார்த்ததில்லை. சமவெளி மைதானங்களுக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், கோடை வேலையும் ஆரம்பித்திருக்காது. உங்கள் அடுத்த பயணத்தை அந்த மூன்று மாதத்துக்குள் தள்ளி வைக்க முடிந்தால் வையுங்கள். முடியாதென்றால் பையில் ஒரு துண்டு கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள், ஈர ஃபேர்வேயில் உருட்டின பந்து ஒவ்வொரு ஹோலிலும் சேறாகத்தான் கைக்கு வரும்.