221009ஏ ஒளிவளைவின் உச்சியில் தெரியும் பள்ளம்

2022 அக்டோபர் 9 அன்று பதிவான 221009ஏ என்னும் காமா கதிர் வெடிப்பின் ஒளிவளைவில் (நேரத்துக்கேற்ப ஒளியின் அளவு மாறுவதைக் காட்டும் வரைபடத்தில்), உச்சியில் வெட்டுப்பட்டதுபோல் நீங்கள் காணும் பள்ளம் வெடிப்புக்கு உரியதன்று; ஃபெர்மி செயற்கைக்கோளின் ஜிபிஎம் என்னும் காமா கதிர் வெடிப்புக் கண்காணிப்புக் கருவி ஃபோட்டான்களின் (ஒளித்துகள்களின்) வெள்ளத்தில் திணறியதன் தடம் அது.

பள்ளம் தெரிகிறதென்றால், ஒவ்வொரு ஃபோட்டானையும் தனித்தனியே பதியும் கோப்பைத்தான் நீங்கள் வரைந்திருப்பீர்கள். அக்கருவியின் தரவுப் பாதை, 14 உணரிகளுக்கும் சேர்த்து, வினாடிக்கு ஏறத்தாழ 3,75,000 நிகழ்வுகளை மட்டுமே கடத்தக்கூடியது. அதற்கு மேற்பட்டவை கோப்பில் சேர்வதே இல்லை.

சரிபார்க்க, அதே உணரியின் 1.024 வினாடித் தொகுப்புக் கோப்பை (அந்த இடைவெளிக்குரிய எண்ணிக்கையை மொத்தமாகப் பதிவது) எடுத்து, இரண்டையும் ஒரே நேர இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். பள்ளம் தூர்ந்துவிட்டால் காரணம் அந்தக் கடத்தல் வரம்பே.

தூர்ந்துவிட்டது என்பதற்காக அதிலிருந்து வெடிப்பின் ஆற்றலைக் கணக்கிட்டுவிட வேண்டாம். இது பலரும் வழுக்கும் இடம். வரவு மிகுதியால், ஃபோட்டான்கள் உணரியில் எழுப்பும் மின்துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து, இரண்டு ஃபோட்டான்கள் ஒன்றாக எண்ணப்படுவதால், எண்ணிக்கை மட்டுமன்றி நிறமாலையின் (ஆற்றல்வாரியான பரவலின்) வடிவமே சிதைகிறது. வழக்கமான செயலற்ற நேரத் திருத்தம் (ஒரு நிகழ்வைப் பதிந்தபின் கருவி அடுத்ததை ஏற்காத கணங்களுக்கான ஈடு) இதைச் சீர்செய்யாது. ஆகவே தூண்டலுக்குப் பின் (கருவி வெடிப்பை முதலில் உணர்ந்த கணத்திலிருந்து) 219 முதல் 277 வரையிலும், 508 முதல் 514 வரையிலுமான வினாடிகளை நிறமாலைப் பொருத்தத்திலிருந்து விலக்கிவிடுங்கள். உச்சத்தின் அளவே தேவையெனில், வரவு மிகுதியால் திணறாமல் பதிவுசெய்த சீனாவின் ஜீகாம்-சி கருவியின் அளவீடுகளை நாடலாம்.