கையெழுத்தும் கண்காணிப்பும்

அன்புள்ள சார்,

பிராங்பர்ட்டில் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். தினமும் வில்லி பிராண்ட் பிளாட்ஸில் ரயில் மாறும்போது ஐரோப்பிய மத்திய வங்கியின் கண்காணிப்புப் பிரிவு இருக்கும் கட்டிடத்தைப் பார்க்கிறேன். ஐரோப்பிய வங்கிகளைப் பற்றிப் போன மாதம் எழுதிய கட்டுரையில், வங்கியின் முன்னால் நிற்கும் சாமானியனுக்குக் கடைசிப் பிடி அடிப்படை உரிமைதான் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது எனக்குப் புரியவில்லை. அடிப்படை உரிமை அரசுக்கு எதிரானதுதானே? வங்கி அரசு இல்லையே. சட்டம் படித்த என் நண்பர், "கையெழுத்துப் போட்டால் கட்ட வேண்டியதுதான், அதில் உரிமைக்கு என்ன வேலை?" என்கிறார். வங்கி தப்பு செய்தால் பார்த்துக்கொள்ளத்தான் இவ்வளவு பெரிய கண்காணிப்பு அமைப்பு இருக்கிறதே என்றும் தோன்றுகிறது.

இன்னொன்று. இங்கே ஒரு நண்பர் உணவகம் தொடங்க வங்கிக் கடன் வாங்கப் போகிறார். என்னை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார். போடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசியில் கேட்ட ஜாமீனிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மற்ற கேள்விகளுக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் நாட்டில், இந்த விஷயத்தின் மிக முக்கியமான வழக்கே ஒரு ஜாமீன் கையெழுத்து பற்றியதுதான்.

1982இல் ஒருவர் தன் கடன் வரம்பை 50,000 மார்க்கிலிருந்து ஒரு லட்சமாக உயர்த்தும்படி நகரச் சேமிப்பு வங்கியில் கேட்டார். மகள் ஜாமீன் போட்டால் தருகிறோம் என்றது வங்கி. மகளுக்கு 21 வயது. தொழிற்படிப்பு எதுவும் கிடையாது, பெரும்பாலும் வேலையில்லாமல் இருந்தவர். அந்தச் சமயம் ஒரு மீன் தொழிற்சாலையில் மாதம் 1,150 மார்க் சம்பளம். "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள், பெரிய பொறுப்பு ஒன்றும் இல்லை, என் ஃபைலுக்குத் தேவைப்படுகிறது" என்று வங்கி ஊழியர் சொன்னதாக வழக்கில் பதிவாகியிருக்கிறது. போட்டுவிட்டார். தந்தை பிறகு கப்பல் வாங்க இன்னும் பெரிய கடன் எடுத்தார், தொழில் படுத்துவிட்டது, வங்கி மகளிடம் வந்தது. ஒரு லட்சமும் வட்டியும். அவர் சம்பளத்தில் சட்டப்படி பிடிக்கக்கூடிய பகுதி வட்டிக்கே காணாது. ஆயுள் முழுக்கக் கட்டினாலும் அசல் அப்படியே நிற்கும்.

ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் உங்கள் நண்பரைப் போலத்தான் பேசியது. வயது வந்தவருக்கு ஜாமீன் என்றால் என்னவென்று தெரியும், அதற்குத் தனி அனுபவம் வேண்டியதில்லை, ஆகவே கட்ட வேண்டும் என்றது. அந்தப் பெண் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார். 1993 அக்டோபர் 19 அன்று தீர்ப்பு மாறியது.

மாறிய விதம்தான் அழகு. ஒப்பந்தம் செய்யும் சுதந்திரம் எங்கிருந்து வருகிறது? ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே அமைத்துக்கொள்ளலாம் என்ற அடிப்படை உரிமையிலிருந்துதான். அப்படியானால் அது இரண்டு தரப்புக்கும் உண்டு. ஒரு தரப்பின் கை அவ்வளவு ஓங்கியிருந்து, அதுவே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்றால், மற்றவருக்கு நடப்பது சுயநிர்ணயம் ஆகாது, அவருக்காக வேறொருவர் தீர்மானிக்கிறார். இப்படிப்பட்ட ஒப்பந்தத்தின் விளைவு ஒருவரைத் தாங்க முடியாத அளவுக்கு அழுத்தும்போது சிவில் நீதிமன்றம் "ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தான்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, உள்ளே புகுந்து பார்க்க வேண்டும் என்றது அரசியல் சாசன நீதிமன்றம். புகுவதற்கு வழி சிவில் சட்டத்திலேயே இருந்தது. நல்லொழுக்கத்துக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது என்கிறது 138ஆம் பிரிவு. கடமையை நல்லெண்ணத்தோடும் நம்பிக்கையோடும் நிறைவேற்ற வேண்டும் என்கிறது 242ஆம் பிரிவு. 1900 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பழைய பிரிவுகளை நீதிபதி அடிப்படை உரிமையின் வெளிச்சத்தில் படிக்க வேண்டும். வங்கி மேல் யாரும் அடிப்படை உரிமை வழக்குப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். நீதிமன்றம் அரசின் அங்கம். அதற்குத்தான் அந்தக் கடமை. உங்கள் நண்பரின் கேள்விக்குப் பதில் இந்த ஒரு வளைவில் இருக்கிறது.

இதன் வேர் 1958. ஹாம்பர்க் நகர அரசின் பத்திரிகைப் பிரிவுத் தலைவர் எரிக் லூத், நாஜிக் காலத்தில் யூத வெறுப்புப் படம் எடுத்த ஃபைட் ஹார்லனின் புதிய படத்தைப் புறக்கணிக்கச் சொன்னார். படக் கம்பெனிகள் சிவில் சட்டத்தைக் காட்டித் தடை வாங்கின. அடிப்படை உரிமைகள் ஒரு விழுமிய அமைப்பாகச் சட்டம் முழுவதிலும், தனியார் சட்டத்திலும்கூட, ஊடுருவும் என்று சொல்லி அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அன்று பேச்சுரிமைக்காகச் சொன்னது, 35 வருடம் கழித்து ஒரு மீன் தொழிற்சாலைத் தொழிலாளியின் கடன் பத்திரத்துக்கு வந்து உதவியது.

சரி, கண்காணிப்புக்கு வருவோம். இங்கேதான் நீங்கள் தப்பான கதவைத் தட்டுகிறீர்கள். நம் ஊரில் பஸ்ஸைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். கண்டக்டர் மீதிச் சில்லறை தரவில்லை என்று அவரிடம் போய் நின்றால் அது அவர் வேலை இல்லை. 2014 நவம்பர் 4 முதல் யூரோ பகுதியின் பெரிய வங்கிகளை, பொதுவாகச் சொன்னால் 30 பில்லியன் யூரோவுக்கு மேல் சொத்துள்ளவற்றை, ஐரோப்பிய மத்திய வங்கி நேரடியாகக் கண்காணிக்கிறது. பார்ப்பது மூலதனம் போதுமா, ரொக்கம் கையில் இருக்கிறதா, வாராக்கடன் எவ்வளவு, நிர்வாகிகள் தகுதியானவர்களா என்பதை. நுகர்வோர் பாதுகாப்பு அந்தந்த நாட்டு அமைப்புகளிடமே இருக்கட்டும் என்று இந்தக் கண்காணிப்பை நிறுவிய 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகவுரையே சொல்லிவிட்டது.

பிரேக்கையே சரியாகப் பார்க்காமல் விட்டால்? டுசல்டோர்ஃபில் பி.வி.எச். என்றொரு சிறிய வங்கி 1997இல் திவாலானது. அதற்கு முன்பே கண்காணிப்பாளர்கள் பலமுறை சிறப்புத் தணிக்கை நடத்தியிருந்தார்கள். பணத்தை இழந்தவர்கள், "நீங்கள் ஒழுங்காகக் கவனித்திருந்தால் எங்கள் டெபாசிட் போயிருக்காது" என்று ஜெர்மன் அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். டெபாசிட் காப்பீடு பற்றிய ஐரோப்பிய ஆணையை (ஒவ்வொரு உறுப்பு நாடும் தன் சட்டத்தில் கொண்டுவர வேண்டிய ஒன்றிய விதி) ஜெர்மனி தாமதமாக நிறைவேற்றியதால் ஆளுக்கு 20,000 யூரோ கிடைத்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. கண்காணிப்பு பொதுநலனுக்காக மட்டுமே என்று ஜெர்மன் சட்டம் சொல்கிறது. அப்படி ஒரு நாடு சொல்வதை ஐரோப்பியச் சட்டம் தடுக்காது, கண்காணிப்பு விதிகள் தனிப்பட்ட வாடிக்கையாளருக்கு எந்த உரிமையும் தருவதில்லை என்று 2004 அக்டோபரில் லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் கூறிவிட்டது. தினமும் நீங்கள் பார்க்கும் அந்தக் கட்டிடத்திடம் ஒரு வாடிக்கையாளராக நீங்கள் கேட்டுப் பெறக்கூடியது அநேகமாக எதுவும் இல்லை.

உதவி வந்ததெல்லாம் ஒப்பந்தச் சட்டம் வழியாகத்தான். பார்சிலோனா பக்கத்தில் மார்டோரெல் என்ற ஊரில் ஒருவர் 2007இல் வீட்டுக்காக 1,38,000 யூரோ கடன் வாங்கினார். 33 வருடத் தவணை. 2008இல் தவணை நின்றது. பத்திரத்தில் அபராத வட்டி 18.75 சதவீதம். ஒரு தவணை தவறினாலும் முழுக் கடனையும் வங்கி உடனே கேட்கலாம், பாக்கி எவ்வளவு என்பதை வங்கியே கணக்குப் போட்டுச் சொல்லலாம். ஏலத்தில் யாரும் கேட்காததால் வீட்டை மதிப்பின் பாதி விலைக்கு வங்கியே எடுத்துக்கொண்டது. 2011 ஜனவரியில் அவரை வெளியேற்றினார்கள். இந்த விதிகள் நியாயமா என்று தனியாக வழக்குப் போடலாம், ஆனால் அதற்காக ஜப்தியை நிறுத்தி வைக்க ஸ்பானியச் சட்டத்தில் வழியே இல்லை. ஜெயித்தாலும் நஷ்டஈடுதான் கிடைக்கும், வீடு போனது போனதுதான். பார்சிலோனா நீதிபதி ஒருவர் இதை லக்சம்பர்க்குக்கு அனுப்பினார். 2013 மார்ச் 14 அன்று, நுகர்வோர் ஒப்பந்தங்களிலுள்ள நியாயமற்ற விதிகள் பற்றிய 1993ஆம் ஆண்டு ஆணைக்கு இந்த ஏற்பாடு முரணானது என்று தீர்ப்பு வந்தது. இரண்டே மாதத்தில் ஸ்பெயின் சட்டத்தைத் திருத்தியது. அடுத்த ஆண்டு இன்னொரு ஓட்டை வெளிவந்தது: வங்கி மேல்முறையீடு செய்யலாம், கடன்காரர் செய்ய முடியாது. இம்முறை ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைப் பட்டயத்தின் 47ஆம் பிரிவையும் சேர்த்துப் படித்து, அதுவும் தவறு என்றது நீதிமன்றம். அதே 2014இல், ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், குடும்பம் வாழும் வீட்டை இழப்பதென்பது பட்டயத்தின் 7ஆம் பிரிவு காக்கும் உரிமையைத் தொடும் விஷயம் என்றது.

நான் கடைசிப் பிடி என்று எழுதியது இதைத்தான். ஒரு நுகர்வோர் ஆணையின் சின்ன எழுத்து விதிகளுக்குள் நுழைந்து வீட்டைக் காக்க வந்த உரிமை. பிரகடனங்களில் முழங்கும் உரிமையைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

ஆனால் கண்காணிப்பும் உரிமையும் ஒன்றையொன்று நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு. சந்தை வட்டி எவ்வளவு இறங்கினாலும் உங்கள் வட்டி இன்ன அளவுக்குக் கீழே போகாது என்று ஸ்பானிய வங்கிகள் கடன் பத்திரத்தில் ஒரு விதியை நுழைத்திருந்தன. 2008க்குப் பிறகு யூரிபோர் என்ற அந்தச் சந்தை வட்டி சரிந்தது, கடன்காரர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை. வெளிப்படையாக விளக்கப்படாத இப்படிப்பட்ட விதிகள் செல்லாது என்று ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் 2013 மே 9 அன்று கூறியது. கூடவே, அன்றைய தேதிக்கு முன் வசூலித்ததைத் திருப்பித் தர வேண்டாம் என்றது, கொடுத்தால் பொருளாதாரம் கடுமையாகக் குலையலாமாம். செல்லாத விதி முதல் நாளிலிருந்தே செல்லாது என்று 2016 டிசம்பரில் லக்சம்பர்க் அதைத் தள்ளியது.

போலந்து வழக்கு இன்னும் காரம். சுவிஸ் பிராங்க் கணக்கில் கொடுத்த வீட்டுக் கடன் ஒப்பந்தம் செல்லாமல் போனால், இத்தனை வருடம் எங்கள் பணத்தை வைத்துக்கொண்டதற்கு அசலுக்கு மேல் ஏதாவது தர வேண்டும் என்று வங்கிகள் கேட்டன. வழக்கில் போலந்தின் மனித உரிமை ஆணையரும் ஒரு தரப்பு, நிதிக் கண்காணிப்பு ஆணையத்தின் தலைவரும் ஒரு தரப்பு. (போலந்து யூரோ பகுதியில் இல்லை, ஆகவே இவர் உங்கள் ஊர்க் கண்காணிப்பாளர் இல்லை.) கண்காணிப்பாளர் நின்றது வங்கிகளின் பக்கம், நிதித்துறையின் நிலைத்தன்மையைக் காட்டி. இதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன், அது அவர் வேலை. 1993ஆம் ஆண்டு நுகர்வோர் ஆணைக்குப் பொருள் காண்பதில் நிதிச் சந்தையின் நிலைத்தன்மை ஒரு வாதமே ஆகாது, வங்கிகள்தாம் ஆணைக்கேற்ப நடந்துகொள்ள வேண்டும் என்று 2023 ஜூன் 15 அன்று லக்சம்பர்க்கிலிருந்து தீர்ப்பு வந்தது.

அப்படியானால் உரிமை எப்போதும் ஜெயிக்கிறதா? இல்லை. 2016இல் ஸ்பெயினின் பாங்கோ பாப்புலர் புதிய பங்குகளை விற்றது. 2017 ஜூன் 7 அன்று ஐரோப்பிய அமைப்புகள் திவாலாகும் நிலையிலிருந்த அந்த வங்கியை மீட்பு நடவடிக்கைக்குள் கொண்டுவந்து, பங்குகளைப் பூஜ்யமாக்கி, சான்டாண்டருக்கு ஒரு யூரோவுக்கு விற்றன. பங்கு வெளியீட்டு அறிக்கையில் தவறான தகவல் தந்து எங்களை வாங்க வைத்தார்கள் என்று வழக்குப் போட்டவர்களிடம், பூஜ்யமான பங்கை வைத்து இனி வழக்கே போட முடியாது என்று 2022 மே மாதம் அதே லக்சம்பர்க் நீதிமன்றம் சொன்னது. சொத்துரிமையும் நீதிமன்றத்தை நாடும் உரிமையும் முழுமையானவை அல்ல, மீட்பு நடவடிக்கை குலையக் கூடாது என்பது காரணம். இது எனக்கு உறுத்துகிறது. தெரிந்தே ஆபத்தை ஏற்ற முதலீட்டாளர் நஷ்டத்தைச் சுமப்பது நியாயம். பொய்த் தகவலை நம்பி வாங்கினேன் என்பவரை, அது உண்மையா என்று விசாரிக்கும் முன்பே வாசலில் நிறுத்துவது வேறு. கடன் வாங்கியவராக வந்தால் நிலைத்தன்மை வாதத்துக்கு இடமில்லை, பங்குதாரராக வந்தால் அதுதான் எல்லாமே என்கிற இந்தப் பிரிவினைக்கு நல்ல விளக்கம் இதுவரை நான் படித்த எதிலும் கிடைக்கவில்லை.

அப்புறம், உங்கள் ஜாமீன். 1993 தீர்ப்புக்குப் பிறகு ஜெர்மன் நீதிமன்றங்கள் வகுத்த விதி இது: கடன் வாங்கியவரின் மனைவி, பிள்ளை போன்ற நெருங்கிய உறவினர் ஜாமீன் போட்டு, அவர் வருமானத்தில் பிடிக்கக்கூடிய பகுதி வட்டிக்கே போதாது என்றால், பாசத்தைப் பயன்படுத்தி வாங்கிய கையெழுத்து என்று அனுமானிக்கப்படும், வங்கிதான் மறுத்து நிரூபிக்க வேண்டும். நீங்கள் உறவினர் இல்லை. மென்பொருள் சம்பளமும் வருகிறது. ஆகவே இந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்கும் என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். நட்புக்காகப் போட்டே தீர வேண்டுமென்றால், உச்சத் தொகை இவ்வளவுதான் என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். உணவகத்துக்கான இந்த ஒரு கடனுக்கு மட்டும்தான், பின்னால் வாங்கும் கடன்களுக்கு இல்லை என்பதும் எழுத்தில் இருக்கட்டும். முதலில் நண்பரிடம் வசூலிக்க முயன்ற பிறகுதான் உங்களிடம் வர வேண்டும் என்பது சட்டம் தரும் பாதுகாப்பு. ஆனால் வங்கியின் அச்சடித்த படிவத்தில் அதை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதை அடிக்கச் சொல்லிப் பாருங்கள். அந்த உச்சத் தொகை, உணவகம் மூடினாலும் நட்பு கெடாமல் நீங்கள் கட்டிவிடக்கூடிய தொகையாக இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் முடியாது என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்