கார்ட்லெஸ் போனில் பக்கத்து வீட்டுப் பேச்சு

கேள்வி: பழைய கார்ட்லெஸ் போனில் பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்குமாமே, நிஜமா? கரன்ட் போனால் அது ஏன் ஊமையாகிவிடுகிறது?

பதில்: நிஜம்தான். கையில் இருக்கும் ரிசீவரும் லைனில் மாட்டிய பேஸும் (அடிப்பெட்டி) ரேடியோ அலையில்தான் பேசிக்கொள்கின்றன. 1980களில் அமெரிக்காவில் விற்ற செட்களில் பேஸ் 46 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும், ரிசீவர் 49-இல் பதில் சொல்லும், மொத்தமே 10 சேனல், அதுவும் மறையாக்கம் (பேச்சை மற்றவருக்குப் புரியாதபடி மாற்றுவது) இல்லாத அனலாக் எஃப்எம் என்பதால் அடுத்த வீட்டு செட் அதே சேனலில் இருந்தால் அவர்கள் சண்டை முழுக்க இலவசம்! 1990களில் ஐரோப்பாவில் 'டெக்ட்' என்ற டிஜிட்டல் கார்ட்லெஸ் போன் முறை வந்தது. 1,880–1,900 மெகாஹெர்ட்ஸ், காலியான சேனலைத் தானே தேடிக்கொள்ளும், பேச்சையும் மறையாக்கலாம்.

சரி, கரன்ட்? சாதா போனுக்கு எக்ஸ்சேஞ்சே தொலைபேசிக் கம்பி வழியாக மின்சாரம் தரும். கார்ட்லெஸ் பேஸுக்கோ வீட்டு பிளக்தான் கதி; கரன்ட் போனால் பேஸ் அணைந்துவிடும், ரிசீவரில் பேட்டரி நிறைய இருந்தும் பயனில்லை.